அலைகடலே வகுப்பறை

நுழையும்முன்

நீச்சல் பற்றிய நூல்களைக் கற்பதனால் மட்டும் ஒருவர் நீந்திவிட இயலாது. நீரில் இறங்க வேண்டும். தலைமைப் பண்பும் கூட்டுணர்வும் அத்தகையனவே. அவற்றை அறிவுரையாகக் கேட்பதற்கும், பொறுப்பேற்றுச் செயல்படும்போது உணர்வதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் செயல்படுத்திக் காட்டியவர், ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய கல்வியாளர் கர்ட் ஹான். மலையையும் கடலையும் வகுப்பறைகளாக்கிய அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் இருளறையும்

கர்ட் ஹான் 1886ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பெர்லின் நகரில், வசதி வாய்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தொழிலதிபர். அக்காலத்து ஜெர்மானியப் பள்ளிகளில் மனப்பாடமும் கண்டிப்பும் மேலோங்கியிருந்தன. மாணவர்கள் பாடங்களை ஒப்பித்தனரே தவிர, தாமாக முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது.

1902ஆம் ஆண்டு, ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த டோலமைட் பகுதியில் ஹான் நடைப்பயணம் மேற்கொண்டார். இங்கிலாந்தின் அபட்ஸ்ஹோம் பள்ளியில் பயின்ற இளைஞர்களை அங்கு அவர் சந்தித்தார். பாடம் கற்பதோடு வயல்வேலையும் கைத்தொழிலும் பழகும் தங்கள் பள்ளியைப் பற்றி அவர்கள் கூறியவை பதினாறு வயது இளைஞரான ஹானின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

அடுத்த ஈராண்டுகளில் அவர் வாழ்வைத் திசைதிருப்பிய நிகழ்வு ஒன்று நேர்ந்தது. 1904ஆம் ஆண்டு கடும் வெயிலின் தாக்கத்தால் அவர் உடல்நலம் பெரிதும் குன்றியது. வெளிச்சத்தைத் தாங்க இயலாமல், இருட்டாக்கப்பட்ட அறையில் நெடுநாள் படுத்திருக்க நேர்ந்தது. துள்ளித் திரிய வேண்டிய பருவத்தில் நான்கு சுவர்களுக்குள் முடங்கிய அவர், கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் கல்விச் சிந்தனைகளில் ஆழ்ந்தார். தாம் தொடங்க விரும்பும் பள்ளி எவ்வாறு அமைய வேண்டும் என்று அந்த இருளறையிலேயே திட்டமிட்டார்.

பிற்காலத்தில் உடல்நலம் தேறிய போதிலும், கடும் வெயிலும் வெப்பமும் இறுதிவரை அவருக்கு ஒவ்வாதனவாகவே இருந்தன. வெளியில் செல்லும்போது அகன்ற விளிம்புடைய தொப்பி அணிவது அவர் வழக்கமாயிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்களை மலைக்கும் கடலுக்கும் அனுப்பிய அம்மனிதர், தாம் வெயிலில் நெடுநேரம் நிற்க இயலாதவராக வாழ்ந்தார். உடல் வலிமை எளிதில் கிட்டும் வரமன்று என்பதை அவர் சொந்தத் துன்பத்தின் வாயிலாக அறிந்திருந்தார். எனவேதான், வலிமை குன்றிய மாணவரிடமும் வெளிப்படாத ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை அவரிடம் உறுதியாக வேரூன்றியது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலும் அவர் கல்வி பயின்றார். கோடைக்காலங்களை ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள மரே கடற்கரைப் பகுதியில் கழித்தார். குளிர்ந்த காற்று வீசும் அப்பகுதி அவருக்கு உடல்நலம் தந்தது. பின்னாளில் அங்கேயே அவருக்குப் புகலிடமும் கிடைத்தது.

சாலெம் பள்ளி

முதல் உலகப்போர்க் காலத்தில் ஹான், ஜெர்மானிய வெளியுறவுத் துறைக்காக ஆங்கில நாளிதழ்களை ஆராயும் பணியில் ஈடுபட்டார். பின்னர், ஜெர்மானியப் பேரரசின் இறுதித் தலைமையமைச்சரான பாடன் இளவரசர் மாக்ஸின் தனிச்செயலாளரானார். 1918ஆம் ஆண்டு போர் ஜெர்மனியின் தோல்வியில் முடிந்தது. நல்லது எதுவென அறிந்தவர்கள் நாட்டில் பலர் இருந்தும், அதனைத் துணிந்து செய்பவர் சிலராகவே இருந்தனர் என்பதை ஹான் கண்டார். அறிவும் செயலும் இணைந்த குடிமக்களை உருவாக்கினாலன்றி நாடு மீளாது என்று இளவரசரும் அவரும் கருதினர்.

அதன் விளைவாக, 1920ஆம் ஆண்டு ஜெர்மனியின் தென்பகுதியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகிலுள்ள சாலெம் என்னும் ஊரில், இளவரசரின் மாளிகையிலேயே புதிய பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கு ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து பயின்றனர்.

அப்பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் அன்றாடக் கடமைகள் அடங்கிய பயிற்சித் திட்டம் ஒன்றைப் பின்பற்றினர். உடற்பயிற்சி, தூய்மை, படிப்பு முதலிய கடமைகளை நிறைவேற்றினோமா என்பதை மாணவர்களே நாள்தோறும் குறித்துக்கொண்டனர். ஆசிரியர் எவரும் அதனைக் கண்காணிக்கவில்லை. பொய்யாகக் குறித்தாலும் கண்டுபிடிப்பவர் இல்லை. அத்திட்டத்தின் பயனே அதில்தான் அடங்கியிருந்தது. பிறர் காணாதபோதும் நேர்மையாக இருக்கப் பழகியவரே பிறரை வழிநடத்தத் தகுதியுடையவர் என்று ஹான் கருதினார்.

மாணவர்கள் வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் சந்திக்க வேண்டும். பொதுநோக்கத்திற்காகத் தன்னலம் மறக்கப் பழக வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் அமைதியில் சிந்திக்க வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தாம் உயர்ந்தவர் என்னும் எண்ணத்திலிருந்து விடுபட வேண்டும் என்பன அவர் வகுத்த நெறிகளுள் சில. விளையாட்டுக்கும் அங்கு இடம் இருந்தது. எனினும் விளையாட்டு வீரர்களை மட்டும் போற்றி, மற்றவர்களைப் புறக்கணிக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

மனச்சான்றின் வழி

1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வலுப்பெற்றது. 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பொடெம்பா என்னும் சிற்றூரில் நாஜிக் கட்சியினர் பொதுவுடைமைக் கட்சித் தொழிலாளி ஒருவரை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். அக்குற்றத்திற்காக ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டபோது, ஹிட்லர் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினார்.

இதனை அறிந்த ஹான் வாளாவிருக்கவில்லை. சாலெம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு மடல் எழுதினார். ஹிட்லரின் படைகளில் செயல்படுவோர் இனி ஹிட்லரையோ சாலெமையோ, இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாக அறிவித்தார். யூதராகப் பிறந்த ஒருவர் அக்காலச் சூழலில் அவ்வாறு எழுதியது உயிரைப் பணயம் வைத்த செயலாகும்.

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் ஹான் கைது செய்யப்பட்டார். பிரிட்டனின் தலைமையமைச்சர் ராம்சே மெக்டொனால்ட் அவருக்காகப் பரிந்து பேசினார். விடுதலை பெற்ற ஹான், அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனுக்குச் சென்றார். அரும்பாடுபட்டு வளர்த்த பள்ளியையும் பிறந்த நாட்டையும் ஒருசேர இழந்தபோது அவருக்கு வயது 47.

இங்கு ஓர் உண்மை ஆழ்ந்து எண்ணத்தக்கது. நாஜிகளின் இளைஞர் அமைப்பும் இளைஞர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றது. அங்கும் முகாம்கள் இருந்தன, நடைப்பயணங்கள் இருந்தன, உடற்பயிற்சியும் குழு ஒழுக்கமும் இருந்தன. வெளித்தோற்றத்தில் ஹானின் பயிற்சிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை எனத் தோன்றலாம். நோக்கத்தில்தான் இரண்டும் முற்றிலும் வேறுபட்டன. அங்கே வலிமை அழிப்பதற்காக வளர்க்கப்பட்டது. இங்கே காப்பதற்காக வளர்க்கப்பட்டது. அங்கே கேள்வியின்றிக் கீழ்ப்படிதல் உயர்வாகக் கருதப்பட்டது. இங்கே மனச்சான்றின் வழி நிற்றல் உயர்வாகக் கருதப்பட்டது. அருளுணர்வு இல்லாத ஆற்றல் ஆபத்தானது என்பதை ஹான் கண்ணெதிரே கண்டார். எனவே, பிறர் உயிர்காக்கும் பணியைத் தம் கல்விமுறையின் மையமாக அமைத்தார்.

கடற்கரையில் காவல்

1934ஆம் ஆண்டு, தாம் முன்னர் உடல்நலம் பெற்ற மரே கடற்கரைப் பகுதியில் கார்டன்ஸ்டன் என்னும் பள்ளியை ஹான் நிறுவினார். ஒரு சில மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியின் தொடக்ககால மாணவர்களுள் ஒருவர், பின்னாளில் பிரிட்டன் அரசியாரின் கணவராகிய இளவரசர் பிலிப். ஒவ்வொருவருக்குள்ளும் அவர் அறிந்ததைவிட மிகுதியான ஆற்றல் உள்ளது என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் அப்பள்ளியின் குறிக்கோளுரையாக அமைந்தது.

அக்கடற்கரையில் புயற்காலங்களில் படகுகள் ஆபத்தில் சிக்குவதுண்டு. ஹான் தம் மாணவர்களைக் கடலோரக் காவற்பணியில் ஈடுபடுத்தினார். புயல் வீசும் இரவுகளில் மாணவர்கள் முறைவைத்துக் கடலைக் கண்காணித்தனர். தான் அயர்ந்து உறங்கிவிட்டால் எங்கோ ஒரு படகிலுள்ளவர்கள் உதவியின்றி மாள நேரிடும் என்பது காவலிருக்கும் மாணவனுக்குத் தெரியும். தேர்வு மதிப்பெண்ணால் ஏற்படாத பொறுப்புணர்வு அந்த இரவுக் காவலால் ஏற்பட்டது. பின்னர், தீயணைப்பு, மலைப்பகுதி மீட்பு ஆகிய பணிகளும் பள்ளியில் இடம்பெற்றன.

இளைஞர்களைத் தொண்டில் ஈடுபடுத்தும் வழிகளைப் பற்றி ஹான் தெளிவான கருத்துக் கொண்டிருந்தார். அறிவுரை அவர்களை எளிதில் ஈர்ப்பதில்லை. கட்டளையிட்டுச் செய்விப்பது தொண்டாகாது. அவர்களுடைய உதவி உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதை உணர்த்தினால், பெரும்பாலும் எவரும் பின்வாங்குவதில்லை. இதுவே அவர் பட்டறிவில் கண்ட முடிவு.

இப்பயிற்சியின் பயன் ஒரு பள்ளியின் மதிலுக்குள் அடங்கிவிடக் கூடாது என்று கருதிய அவர், 1936ஆம் ஆண்டு மரே பதக்கம் என்னும் திட்டத்தை வகுத்தார். ஓட்டம், தாண்டுதல் முதலிய தடகளப் பயிற்சிகள், உயிர்மீட்பு, நெடும்பயணம் ஆகியவற்றில் உரிய தரத்தை எட்டிய இளைஞர்களுக்கு அப்பதக்கம் வழங்கப்பட்டது. பிறரை வெல்பவர்க்கு உரிய பரிசு அன்று அது. தன் முந்தைய நிலையைத் தானே கடப்பவர்க்கு உரியது.

அலைகடலில் உருவான பள்ளி

இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940ஆம் ஆண்டு கார்டன்ஸ்டன் பள்ளிக் கட்டடங்கள் படையினரின் பயன்பாட்டிற்குத் தேவைப்பட்டன. பள்ளி தற்காலிகமாக வேல்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்தபோதுதான் ஹானின் பெயரை உலகறியச் செய்த பயிற்சிப் பள்ளி தோன்றியது.

அப்போது அட்லாண்டிக் பெருங்கடலில் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களால் தாக்கப்பட்டு மூழ்கின. உயிர்காப்புப் படகுகளில் ஏறியவர்கள் குளிரிலும் பசியிலும் பல நாள்கள் தத்தளித்தனர். லிவர்பூல் நகரைச் சேர்ந்த புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் பங்குதாரரான லாரன்ஸ் ஹோல்ட், தம் மாலுமிகளின் இழப்பால் பெரிதும் கலங்கினார். உடல் வலிமை மிக்க இளைஞர்கள் நம்பிக்கை இழந்து மடிய, அவர்களினும் வயதில் மூத்த மாலுமிகள் உயிர்பிழைக்கின்றனர் என்று அவர் கருதினார். பாய்மரக் கப்பல்களில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் காற்றையும் அலையையும் எதிர்கொண்ட பட்டறிவும், தம்மிடத்தும் தோழரிடத்தும் நம்பிக்கையும் இருந்தன. நீராவிக் கப்பல்களில் பணியைத் தொடங்கிய இளைஞர்களுக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை. அவர்களுக்குக் குறைவாக இருந்தது உடல் வலிமை அன்று. நெருக்கடியில் தளராத உள்ள உறுதியே என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

ஹோல்ட்டின் கவலையும் ஹானின் கல்விக் கொள்கையும் ஒன்றிணைந்தன. ஹோல்ட் நிதியுதவி அளித்தார். 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வேல்ஸின் அபர்டவி என்னும் கடற்கரை ஊரில் அவுட்வர்ட் பவுண்ட் கடற்பள்ளி தொடங்கப்பெற்றது. துறைமுகத்தை விட்டுப் பெருங்கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்க மாலுமிகள் பயன்படுத்திய தொடர் அது. அப்பெயரே வேண்டும் என்று உறுதியாக நின்றவர் ஹோல்ட். பள்ளியின் முதல் பொறுப்பாளராக ஜிம் ஹோகன் பணியாற்றினார்.

பயிற்சியின் இயல்பு

அப்பள்ளியில் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடைபெற்றது. கப்பல் நிறுவனப் பயிற்சியாளர்கள், தொழிற்சாலைகளில் வேலை பழகும் இளைஞர்கள், பள்ளி மாணவர்கள் எனப் பல்வேறு பின்னணியினர் அங்கு வந்தனர். அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். செல்வர் மகனும் தொழிலாளி மகனும் ஒரே குழுவில் ஒரே படகைச் செலுத்தினர்.

சிறு படகுகளைச் செலுத்துதல், தடகளப் பயிற்சி, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழிகண்டறிதல், மீட்புப் பயிற்சி, கடற்பயணம், மலைத்தொடர்களைக் கடக்கும் நடைப்பயணம், உள்ளூர் மக்களுக்குத் தொண்டாற்றுதல் ஆகியன பயிற்சியின் கூறுகளாக அமைந்தன. இவற்றின் நோக்கம் மாலுமிகளை உருவாக்குவது மட்டுமன்று. கடலுக்காகப் பயிற்சி அளிப்பதைவிடக் கடலைக் கொண்டு பயிற்சி அளிப்பதே முதன்மையானது என்பது அப்பள்ளியின் கொள்கை. கடலைப் பின்னர் ஒருபோதும் காணாத இளைஞரும் அங்கு கற்றதைத் தம் வாழ்வில் பயன்படுத்த இயலும்.

இத்தகைய பயிற்சி தலைமைப் பண்பை எவ்வாறு வளர்க்கிறது? பாய்ப்படகில் ஒருவர் சுக்கானைப் பிடிக்கிறார். ஒருவர் பாயின் கயிற்றை இழுக்கிறார். ஒருவர் முன்னே நோக்கித் திசை கூறுகிறார். இவர்களுள் எவர் தவறினாலும் படகு தடுமாறும். தலைவரின் ஆணை தெளிவாக இல்லையெனில் அதன் விளைவு அடுத்த நொடியே தெரிந்துவிடும். அங்கே காற்றிடம் சாக்குப்போக்குச் சொல்ல இயலாது. நடைப்பயணத்திலும் அவ்வாறே. மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். விரைந்து நடப்பவர் முன்னே சென்றுவிடுவது தலைமை ஆகாது. தளர்ந்தவரின் சுமையைப் பகிர்ந்துகொண்டு அனைவரையும் இலக்கில் சேர்ப்பதே தலைமை.

இவ்வியக்கத்தின் பிற்காலப் பயிற்சிப் பள்ளிகளில் இடம்பெற்ற உயர்ந்த சுவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12 அடிக்கும் மேலான, பிடிமானம் ஏதுமற்ற சுவரைக் குழுவினர் அனைவரும் கடக்க வேண்டும். எவ்வளவு வலிமை உடையவரும் தனியே அதில் ஏற இயலாது. முதலில் ஏறுபவரைக் கீழே உள்ளோர் தோள்கொடுத்து உயர்த்துகின்றனர். மேலே சென்றவர் கைநீட்டி அடுத்தவரைத் தூக்குகிறார். இறுதியில் எஞ்சுபவருக்குத் தோள்கொடுக்கக் கீழே எவரும் இல்லை. அவரை எவ்வாறு ஏற்றுவது என்பதைத் தொடக்கத்திலேயே குழு சிந்தித்திருக்க வேண்டும். யாரை முதலில் அனுப்புவது, யாரை இறுதியில் நிறுத்துவது என்னும் முடிவு உடல் வலிமையைச் சார்ந்தது மட்டுமன்று; ஒருவரையொருவர் அறிந்திருப்பதையும் சார்ந்தது. ஓங்கிப் பேசாத ஒருவர் சிறந்த வழியைக் கூறலாம். அதற்குச் செவிசாய்க்கும் குழுவே வெல்லும்.

> தெரிந்து தெளிவோம்
> ஜெர்மனியிலுள்ள சாலெம் ஊரின் பெயர், விவிலியத்தில் இடம்பெறும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அமைதி என்பது அதன் பொருள். தமிழ்நாட்டிலுள்ள சேலம் மாநகருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

விரிந்த பணி

போருக்குப் பின் 1946ஆம் ஆண்டு அவுட்வர்ட் பவுண்ட் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்க்டேல் பகுதியில் மலைப்பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அப்பத்தாண்டில் பெண்களும் இப்பயிற்சியில் பங்கேற்றனர். மலேயாவின் லுமுட் கடற்கரையிலும், பின்னர் அமெரிக்காவிலும் இவ்வகைப் பள்ளிகள் தோன்றின. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வியக்கம் செயல்படுகிறது.

மரே பதக்கத் திட்டத்தின் வழித்தோன்றலாக, 1956ஆம் ஆண்டு இளவரசர் பிலிப், எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தைத் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலில் வென்ற குழுவின் தலைவரான ஜான் ஹண்ட் அத்திட்டத்தை முதலில் வழிநடத்தினார். டென்சிங்கும் ஹிலாரியும் சிகரத்தில் நின்றபோது தாம் கீழே இருந்து அக்குழுவை இயக்கியவர் அவர். எனவே, அப்பொறுப்பு அவருக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் பிள்ளைகள் ஒன்றாகப் பயில வேண்டும் என்பது ஹானின் அடுத்த கனவு. அதன்படி 1962ஆம் ஆண்டு வேல்ஸின் கடற்கரைக் கோட்டை ஒன்றில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பல நாட்டு மாணவர்கள் அங்கு ஒருங்கே தங்கிப் பயின்றதோடு, கடல் மீட்புப் பணியிலும் ஈடுபட்டனர். அலைகளின் தாக்குதலைத் தாங்கும் கடினமான அடிப்பகுதியும், காற்றடைத்த பக்கங்களும் கொண்ட மீட்புப் படகு அக்கல்லூரியில் உருவாக்கி மேம்படுத்தப்பட்டது. இன்று உலகெங்கும் கடல் மீட்புப் பணியில் அவ்வகைப் படகுகள் பயன்படுகின்றன. அக்கல்லூரியைப் பின்பற்றித் தோன்றிய ஐக்கிய உலகக் கல்லூரிகளுள் ஒன்று, 1997ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் புனே நகருக்கு அருகில் இயங்கி வருகிறது.

ஹானின் முறைகளை அனைவரும் ஏற்றுக்கொண்டனர் எனக் கூற இயலாது. குளிர்நீர்க் குளியலும் அதிகாலை ஓட்டமும் மென்மையான இயல்புடைய மாணவர்களுக்குச் சுமையாகும் என்று சிலர் கூறினர். நான்கு வாரப் பயிற்சியால் ஒருவரின் பண்பு நிலையாக மாறுமா என்று வேறு சிலர் வினவினர். இவ்வினாக்கள் பொருளுடையனவே. பயிற்சி கடுமையாக இருப்பதனாலேயே சிறந்ததாகிவிடாது. பயிற்றுநரின் கண்காணிப்பும், உரிய பாதுகாப்பும், மாணவரின் நிலையறிந்து படிப்படியாக உயர்த்தும் பொறுமையும் இணையும்போதே அது கல்வியாகிறது.

நிறைவு

உடல்நலக் குறைவினால் 1953ஆம் ஆண்டு கார்டன்ஸ்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஹான் விலகினார். தம்மைச் சிறையிலிட்டு வெளியேற்றிய ஜெர்மனிக்கே மீண்டும் சென்று, சாலெமுக்கு அருகிலுள்ள ஹெர்மன்ஸ்பெர்க்கில் வாழ்ந்தார். அங்கேயே 1974ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தமது 88ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இருளறையில் படுத்திருந்த நோயாளி இளைஞர் ஒருவர் கண்ட கனவு, கண்டங்கள் கடந்து இன்றும் இளைஞர்களை வழிநடத்துகிறது. படகில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் துடுப்பைப் பற்ற வேண்டும். எவரும் வெறும் பயணியாக இருத்தல் ஆகாது என்பதே ஹான் தம் வாழ்வால் உணர்த்திய பாடம். பிறருக்காகப் பொறுப்பேற்கும் கணத்தில்தான் ஓர் இளைஞர் தம்முள் உறைந்துள்ள ஆற்றலை முதன்முதலாகக் காண்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகியவற்றுள் ஒன்றின் முகாம் நடவடிக்கைகளை அறிந்து, அவை வளர்க்கும் பண்புகளைத் தொகுத்து எழுதுக.

2. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்னும் கருத்தை உங்கள் வகுப்பறைச் சூழலோடு பொருத்திக் கலந்துரையாடுக.

3. நாஜி இளைஞர் அமைப்பின் பயிற்சிக்கும் ஹானின் பயிற்சிக்கும் இடையிலான வேறுபாடுகளைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

4. வெள்ளம், புயல் போன்ற பேரிடர்க் காலங்களில் மாணவர்கள் பாதுகாப்புடன் ஆற்றக்கூடிய தொண்டுகளைப் பட்டியலிட்டு வகுப்பில் படித்துக்காட்டுக.